பேர் முதல்ல, ஆல்பம் அப்புறம்: ஒரு ட்ரங்க் பெட்டியும் 312 படங்களும்

எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் கைவேலை சம்பந்தப்பட்டது. குடும்பப் படங்களை வச்சு ஒரு ஆல்பம் பண்றது எப்படி? ஸ்கிராப்புக்னு சொல்லுவாங்களே, படத்தோட சேர்த்து கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், கையெழுத்துன்னு எல்லாத்தையும் ஒட்டிவைக்கிற புத்தகம், அது.

முதல்லயே ஒண்ணு தெளிவு பண்ணிடறேன். உங்க போன்ல இருக்கிற பதினாலாயிரம் படங்களைப் பத்தி நான் பேசப்போறதில்ல. அதுல தேதி இருக்கு, இடம் இருக்கு, முகத்தைக் காட்டினா ஆளையே தேடிக் கொடுத்துடும். நான் பேசறது, ஊர்ல பீரோவுக்கு மேல இருக்கிற ட்ரங்க் பெட்டி, பிஸ்கட் டின், ஜவுளிக்கடைப் பை, இதுக்குள்ள கிடக்கிற காகிதப் படங்களைப் பத்தி. அதுங்களுக்குத் தேதி கிடையாது. பேர் கிடையாது. அதெல்லாம் யாரோ ஒருத்தரோட தலைக்குள்ள இருக்கு. அந்த ஒருத்தருக்கு இப்ப எழுபது எண்பது வயசு இருக்கும்.

அதனால இந்த எபிசோட்ல நான் சொல்லவர்றது ஒரே விஷயம்தான், வரிசை. நாம எல்லாரும் பெட்டியைத் திறந்ததும் "இது நல்லா இருக்கு, இது வேணாம்"னு பிரிக்க ஆரம்பிச்சிடறோம். அது மூணாவதா பண்ணவேண்டிய வேலை. முதல்ல எண் போடணும், அடுத்து பேரும் தேதியும் பிடிக்கணும், அதுக்கப்புறம்தான் தேர்வு. ஏன் இந்த வரிசைன்னு போகப்போகச் சொல்றேன்.

எங்க வீட்டுப் பெட்டி

எங்க அப்பா வழிக் குடும்பம் ஆலங்காயம். தெரியாதவங்களுக்கு: வாணியம்பாடியில இருந்து ஜவ்வாது மலைப் பக்கம் போனா, மலை ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற சின்ன ஊர். அதைத் தாண்டி மேல போனா காவலூர், ஜமுனாமரத்தூர். இப்ப திருப்பத்தூர் மாவட்டம். "இப்ப"ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்குங்க, அது பின்னாடி உதவும்.

அங்க எங்க அத்தை இருக்காங்க. எழுபத்தொன்பது வயசு. அவங்க தலைமுறையில மிச்சம் இருக்கிறது அவங்க ஒருத்தர்தான். ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொண்ணு மங்கல். வீட்டை இடிச்சுக் கட்டப்போறாங்கன்னு முடிவானதும், பெரியப்பா பொண்ணு, நான், அத்தை பையன், மூணு பேரும் ஒரு வாரம் அங்க போய் உட்கார்ந்தோம். மூணு வீட்டுப் பெட்டியும் ஒரே இடத்துக்கு வந்துச்சு. எண்ணிப் பார்த்தா 312 படம்.

அதுல பேர் எழுதியிருந்தது பதினொண்ணு.

முதல் வேலை: கலைக்காம எண் போடுங்க

பெட்டியைத் தரையில கவிழ்த்துக் கொட்டாதீங்க. எந்தப் படம் எந்தப் படத்தோட இருந்துச்சுங்கிறதே ஒரு தகவல். ஸ்டூடியோ கொடுத்த கவர்ல பன்னெண்டு படம் ஒண்ணா இருந்தா, அது பெரும்பாலும் ஒரே ரோல். அதுல ஒரு படத்தோட தேதி தெரிஞ்சா மத்த பதினொண்ணுக்கும் கிட்டத்தட்ட தெரிஞ்ச மாதிரி. ஆவணக் காப்பகங்கள்லயும் இதுதான் பழக்கம். வந்த வரிசையைக் கலைக்கறதுக்கு முன்னாடி அதைக் குறிச்சு வச்சுக்குவாங்க.

நாங்க பண்ணது ரொம்ப சிம்பிள். முதல் வீட்டுப் பெட்டிக்கு அ, ரெண்டாவதுக்கு ஆ, மூணாவதுக்கு இ. அ-1, அ-2ன்னு எண். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தோட பின்பக்கம் சாதாரணக் காகிதம் மாதிரி இருக்கும், அதுல மெத்துனு இருக்கிற 2பி பென்சிலால ஓரத்துல லேசா எழுதலாம். 1970களுக்கு அப்புறம் வந்த கலர் படங்கள்ல பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், பென்சில் பிடிக்காது. அதுக்கு ஒரு சின்னக் காகிதச் சீட்டு எழுதி, படத்தோட ஒரு கவர்ல போட்டுடுங்க. பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். அழுத்தி எழுதினா முன்பக்கம் தழும்பு மாதிரி தெரியும். மை வேற பக்கத்துப் படத்துல ஒட்டிக்கும்.

எண் போட்டதும் ஒவ்வொரு படத்தையும் போன்ல ரெண்டு தடவை எடுங்க. முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. இது ஆல்பத்துக்கான ஸ்கேன் இல்ல, வேலைக்கான நகல் மட்டும்தான். ஜன்னல் பக்கத்துல, நேர் வெயில் படாத இடத்துல, லைட்டை அணைச்சுட்டு எடுத்தா பளபளப்பு விழாது. 312 படத்துக்கு எங்களுக்கு ஒரு மதியம் ஆச்சு.

பின்பக்கம் பேசும்

பின்பக்கத்தை எதுக்கு எடுக்கச் சொன்னேன்? பல படங்கள்ல அங்க ஸ்டூடியோவோட ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். அதுல இருக்கிற முகவரியை வச்சே காலத்தைக் குறுக்கலாம்.

எங்க ஊரையே எடுத்துக்குங்க. ஆலங்காயம் எங்கயும் நகரல, ஆனா மாவட்டம் மாறிக்கிட்டே இருந்திருக்கு. 1989 வரைக்கும் வட ஆற்காடு மாவட்டம். அந்த வருஷம் திருவண்ணாமலை தனியா பிரிஞ்சு போச்சு, மிச்சம் இருந்தது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆச்சு. 1990களோட பிற்பகுதியில அது வேலூர் மாவட்டம். 2019 நவம்பர்ல இருந்து திருப்பத்தூர். ஆக ஸ்டாம்ப்ல 'வேலூர் மாவட்டம்'னு இருந்தா, அந்தப் படம் 1980கள்ல பிரிண்ட் போட்டது கிடையாது.

இதே மாதிரி இன்னும் சில அடையாளங்கள். ஆறு இலக்க பின்கோடு இருந்தா, 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம். அன்னைக்குத்தான் பின்கோடே வந்துச்சு. 'மதராஸ் மாநிலம்'னு இருந்தா, 1969 ஜனவரிக்கு முன்னாடி அடிச்ச ஸ்டாம்ப்பா இருக்க வாய்ப்பு அதிகம். 'சென்னை'ன்னு ஆங்கிலத்துல எழுதியிருந்தா 1996க்கு அப்புறம்.

ஒரு எச்சரிக்கை. புதுப்பேர் இருந்தா அது உறுதியான சாட்சி, பழைய பேர் அப்படி இல்ல. செஞ்சு வச்ச ரப்பர் ஸ்டாம்ப்பைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? மாவட்டப் பேர் மாறி அஞ்சு வருஷம் ஆனாலும் அதையே குத்திக்கிட்டு இருப்பாங்க. அதே மாதிரி, பழைய நெகட்டிவ்ல இருந்து பின்னாடி பிரிண்ட் போட்டிருக்கலாம். அதனால ஸ்டாம்ப் சொல்றது பிரிண்டோட காலம், படம் எடுத்த நாள் இல்ல.

படத்தோட வடிவமும் சொல்லும். சதுரமா, வெள்ளை ஓரம் வச்ச சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தா, 120 ஃபிலிம் போடற கேமராவா இருக்கலாம். நம்ம ஊர்ல நிறைய வீட்டுல இருந்த அக்ஃபா கிளிக் த்ரீ அந்த வகைதான், ஒரு ரோலுக்குப் பன்னெண்டு சதுரப் படம் வரும். ஃபிலிம் எங்கிருந்து வந்துச்சுன்னா, ஊட்டியில 1960ல ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967ல இருந்து 'இந்து'ங்கிற பேர்ல நம்ம நாட்டுலயே தயாரிச்சாங்க. நீள்சதுரமா, போஸ்ட் கார்டு அளவுல கலர் படம் இருந்தா அது பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் காலம்.

1990கள் படத்துல கீழ ஓரமா ஆரஞ்சு கலர்ல தேதி இருக்கும். அதை அப்படியே நம்பாதீங்க. பேட்டரி மாத்தினா அந்தக் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிடும். எல்லாப் படத்துலயும் ஜனவரி 1ன்னு இருந்தா, அந்த வீட்டுல வருஷப் பிறப்பைத் தவிர எதையும் கொண்டாடலன்னு அர்த்தம் இல்ல, யாரும் கேமராவை செட் பண்ணலன்னுதான் அர்த்தம்.

நெகட்டிவ் இருந்தா அது புதையல். ஓரத்துல 1, 2, 3ன்னு எண் இருக்கும். கல்யாணத்துல எது முதல்ல நடந்தது, யார் எப்ப வந்தாங்க, எல்லாம் அந்த எண் வரிசையிலயே இருக்கு. ஸ்டூடியோவுல போய் நெகட்டிவ் வாங்கிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பழைய ஸ்டூடியோக்கள் பலது மூடியாச்சு, இருக்கிறவங்களும் இடம் இல்லைன்னு பழசைக் கழிச்சிட்டாங்க. புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல ஸோயி ஹெட்லிங்கிற ஆய்வாளர், பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள்ல மிச்சம் இருந்த பழைய படங்களை டிஜிட்டல் ஆக்கினாங்க. அப்படி ஒரு முயற்சி தேவைப்பட்டதே, அதுங்க அழிஞ்சுக்கிட்டு இருந்ததாலதான். உங்க வீட்டுல இருக்கிற பிரிண்ட்தான் உலகத்துலயே ஒரே பிரதியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

வருஷத்தைக் கேட்காதீங்க

இப்ப பெரியவங்ககிட்ட உட்காருற வேலை. எங்க அனுபவத்துல இதுதான் ரொம்ப நேரம் எடுக்கும், ரொம்பப் பலனும் கொடுக்கும்.

"அத்தை, இது எந்த வருஷம்?"னு கேட்டா, "யாருக்குத் தெரியும், ரொம்ப நாளாச்சு"ன்னு பதில் வரும். கேள்வியை மாத்தணும். பெரியவங்க வருஷத்தை எண்ணா வச்சுக்கிறதில்ல, சம்பவத்தோட முடிச்சுப் போட்டு வச்சிருப்பாங்க. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர். ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூர்ல இறந்தது 1991 மே. இந்த மாதிரி ஒரு பட்டியலை முன்னாடியே எழுதி வச்சுக்கிட்டு, "அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"ன்னு கேளுங்க.

உங்க ஊருக்குன்னு ஒரு சம்பவம் கட்டாயம் இருக்கும். ஆலங்காயம் பக்கத்துல அது காவலூர். அங்க இருக்கிற வானியல் ஆய்வகத்தோட பெரிய தொலைநோக்கி, 2.34 மீட்டர் கண்ணாடி உள்ளது. அதைத் தொடங்கிவைக்க அப்ப பிரதமரா இருந்த ராஜீவ் காந்தி 1986 ஜனவரி 6ஆம் தேதி வந்தாரு. அன்னைக்குத்தான் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்பு பேரை வச்சாங்க. பிரதமர் மலைக்கு வந்த நாளை அந்தப் பக்கத்து ஜனங்க மறப்பாங்களா?

மொட்டைத் தலையோட ஒரு குழந்தை, மடியில வச்சுக் காது குத்துற படம் ஒண்ணு இருந்துச்சு. அத்தைகிட்ட நான் கேட்டது இதுதான்: "ராஜீவ் காந்தி காவலூர் வந்தப்ப இவன் எவ்ளோ பெரியவன்?"

யோசிக்கவே இல்ல. "அன்னிக்கு இவனை இடுப்புல தூக்கிக்கினு ரோட்டுல நின்னேன். அதுக்கு முந்தின ஆடியிலதான் மொட்டை போட்டது."

முடிஞ்சது கணக்கு. 1985, ஆடி மாசம்.

கேள்வி கேட்கறதுக்கு இன்னும் நாலு வழி. ஒண்ணு, முகத்தைக் காட்டி "இது யாரு"ன்னு மட்டும் கேட்காம, "இது யார் வீடு", "இந்தப் புடவை யாருது", "பின்னாடி நிக்கிற சைக்கிள் யாருது"ன்னு பொருளைக் கேளுங்க. ரெண்டு, "இதுல யார் இல்ல?"ன்னு கேளுங்க. யார் இல்லைங்கிறதுலதான் பாதிக் கதை இருக்கும். மூணு, கல்யாணப் பத்திரிகை பழசு இருந்தா பக்கத்துல வச்சுக்குங்க. அதுல தமிழ் வருஷப் பேர் இருக்கும். பிரபவ வருஷம்னா 1987 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, இல்லேன்னா அதுக்கு அறுபது வருஷம் முன்னாடி 1927ல ஆரம்பிச்சது. ரெண்டுல எதுன்னு பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். நாலு, போன்ல குரலைப் பதிவு பண்ணுங்க, ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி அதோட எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்க. "அ-47"ன்னு சொல்லிட்டுப் பேச ஆரம்பிச்சா, பின்னாடி தேடறது சுலபம். ஒரு தடவைக்கு முப்பது படம் போதும், அதுக்கு மேல அவங்க களைச்சுப் போயிடுவாங்க. கண் மங்கலா இருந்தா போன்ல இருக்கிற நகலைப் பெருசு பண்ணிக் காட்டுங்க.

ஓரத்துல நின்ன அம்மா

காவலூர்ல இன்னொரு விஷயமும் நடந்திருக்கு. 1988 பிப்ரவரி 17ஆம் தேதி, ராஜமோகன்னு ஒரு வானியலாளர் அங்க இருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சாரு. 4130 ராமானுஜன்னு கணித மேதையோட பேரை அதுக்கு வச்சிருக்காங்க. சிறுகோளை எப்படிப் பிடிப்பாங்க? வானத்தோட ஒரே பகுதியை வேற வேற நேரத்துல படம் எடுத்து, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. நட்சத்திரம் எல்லாம் இருந்த இடத்துல இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். ஒரே படத்தை எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் அது வெறும் புள்ளிதான்.

குடும்பப் படத்துக்கும் இது அப்படியே பொருந்துது. ஒரே மாதிரி நிகழ்ச்சியோட படங்களை, வேற வேற வருஷத்துல எடுத்தது, பக்கத்துல பக்கத்துல பரப்பி வைங்க. எல்லாக் காதுகுத்தும் ஒரு வரிசை, எல்லாப் பொங்கலும் ஒரு வரிசை. நாங்க காதுகுத்துப் படங்களைப் பரப்பினோம். மூணு வீட்டுக் குழந்தைங்க, மூணு வேற வருஷம். மூணுலயும் தாய்மாமனுக்குப் பின்னாடி, ஓரத்துல பாதி வெட்டுப்பட்ட மாதிரி ஒரு வயசான அம்மா. ரெண்டு பக்கமும் மூக்குத்தி. எங்க மூணு பேருக்கும் யாருன்னு தெரியல. தனித்தனியா பார்த்தப்ப பக்கத்து வீட்டுக்காரங்கன்னு விட்டிருப்போம். மூணுலயும் இருக்கவும்தான் கேள்வி வந்துச்சு.

அத்தை சொன்னாங்க: "மருத்துவச்சி ஆயா. உங்கப்பனையும் சேத்து இந்த ஊட்டுல ஏழு பேத்துக்கு இவங்கதான் பிரசவம் பாத்தாங்க. இவங்க இல்லாங்காட்டி நீங்க யாரும் இல்ல. எந்த விசேஷம்னாலும் முதல் வெத்தலை பாக்கு இவங்களுக்குத்தான்."

அந்த அம்மாவோட முகம் முழுசா தெரியற படம் பெட்டியில ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. கை ஆடி, கொஞ்சம் கலங்கின படம். வாசல்ல உட்கார்ந்து சிரிக்கிறாங்க. படத்தோட தரத்தை வச்சுப் பிரிச்சிருந்தா முதல்ல கழிஞ்சிருக்கிறது அதுதான். இப்ப ஆல்பத்துல அது ஒரு முழுப் பக்கம். பேர் அன்னைக்கு அத்தைக்கு ஞாபகம் வரல. மறுநாள் காலையில காபி ஆத்திக்கிட்டே திடீர்னு சொன்னாங்க. அதைப் படத்துக்குக் கீழ எழுதியாச்சு.

பேர் முதல்ல, தேர்வு அப்புறம்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

எதை எடுக்கறது, எதை விடறது

சரி, இப்ப தேர்வு. ஆல்பத்துக்கு நாப்பது பக்கம் வச்சா, பக்கத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் படம். எழுத்துக்கும் இடம் வேணும். நாங்க 312ல இருந்து 58 எடுத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் மூணு கேள்வி கேட்டோம்.

முதல் கேள்வி: இந்த ஆளோட வேற படம் இருக்கா? ஒரே படம்தான்னா, கிழிஞ்சிருந்தாலும் கலங்கியிருந்தாலும் அது உள்ள. இருபது படம் இருக்கிற ஆளுக்கு நல்லதா ரெண்டு போதும்.

ரெண்டாவது: இந்தப் படத்துல இருக்கிற ஏதாவது இப்ப இல்லாமப் போச்சா? வீடு, மரம், திண்ணை, கிணறு, கடை. கல்யாண மேடையில வரிசையா நின்னு எடுத்த படம் முப்பது இருக்கும், பந்தியில சாப்பிடற படம் ஒண்ணு இருக்கும். பந்திப் படத்துல சமையக்கட்டு தெரியும், பாத்திரம் தெரியும், யார் பரிமாறினாங்கன்னு தெரியும். மேடைப் படத்துல ஒண்ணை வச்சுக்கிட்டு, பந்திப் படத்தை எடுங்க.

மூணாவது: இதை எடுத்தது யாரு? இதை யாரும் யோசிக்கிறதில்ல. படம் எடுக்கிறவர் படத்துல இருக்கமாட்டார். எங்க பெரியப்பாதான் பாதிப் படத்தை எடுத்தவர், ஆனா அவர் இருக்கிற படம் மொத்தமே ரெண்டு. அப்புறம் தேடினப்ப, சாயங்கால வெயில்ல ஆயா நிக்கிற படத்துல, தரையில ஒரு நிழல். முட்டி மடக்கி, குனிஞ்சு கேமரா பார்க்கிற நிழல். அது பெரியப்பா. படம் சுமார்தான், ஆனா அதைப் பார்த்ததும் பெரியப்பா பொண்ணு எழுந்து வெளிய போயிட்டா. ஆல்பத்துல அதுவும் இருக்கு.

ஒரே மாதிரி நாலு படம் இருந்தா ஒண்ணை மட்டும் எடுங்க. மிச்சத்தை வீசாதீங்க. ஆல்பத்துல வராத 254 படமும் எண்ணோட ஒரு பெட்டியில திரும்பப் போயாச்சு. நம்ம பேரப்பசங்க வேற ஏதாவது தேடுவாங்க, நமக்கு அது இப்ப தெரியாது.

சங்கடமான படங்கள்

எல்லா வீட்டுலயும் இது இருக்கும். இறந்தவங்களைச் சாய்ச்சு உட்கார வச்சு, மாலை போட்டு, குடும்பமே சுத்தி நின்னு எடுத்த படம். உங்க வயசுக்காரங்களுக்கு அது பயமா இருக்கலாம். ஆனா பல பேருக்கு வாழ்க்கையில எடுத்த ஒரே படம் அதுதான். தவிர, அன்னைக்குத்தான் மொத்தச் சொந்தமும் ஒரே இடத்துல நின்னிருக்கும். நாங்க அதைத் தனியா ஒரு கவர்ல போட்டு ஆல்பத்தோட கடைசியில செருகிட்டோம். பார்க்கணும்னு நினைக்கிறவங்க பார்க்கலாம்.

அடுத்தது மஞ்சள் நீராட்டுப் படங்கள். அதுல இருக்கிற பொண்ணுகிட்ட, இப்ப அவங்களுக்கு அம்பது வயசானாலும் சரி, கேட்டுட்டுத்தான் ஆல்பத்துல வைக்கணும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடணும். வேணாம்னு சொன்னா அதோட விட்டுடணும்.

அப்புறம், முறிஞ்சுபோன கல்யாணம். எங்க வீட்டுல ஒரு சின்ன அத்தை, அவங்க கல்யாணம் மூணு வருஷத்துல முடிஞ்சுபோச்சு. அந்தப் படங்கள் பெட்டிக்கு அடியில ஒரு பேப்பர்ல சுத்தி இருந்துச்சு. ஒண்ணுல மாப்பிள்ளை பக்கத்தைக் கத்தரிக்கோலால யாரோ வெட்டியிருந்தாங்க. வைக்கலாமா வேணாமான்னு எங்க மூணு பேருக்குள்ள சண்டையே வந்துடுச்சு. கடைசியில சின்ன அத்தைக்கே போன் பண்ணோம். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "வைங்கடா. அன்னிக்கு நான் எவ்ளோ அழகா இருந்தேன் தெரியுமா."

யாரோட வாழ்க்கையோ, முடிவும் அவங்களோடது. நாம அவங்களுக்காகக் கத்தரிக்கோல் எடுக்கறதும் தப்பு, அவங்களைக் கேட்காம ஒட்டறதும் தப்பு.

ஒட்டற வேலை

கடைசியா தொழில்நுட்பம், வேகமா சொல்லிடறேன்.

ஆல்பத்துல ஒட்டறது நகலா இருக்கட்டும். அசலை ஒட்டாதீங்க. போஸ்ட் கார்டு அளவு படத்தை 600 டிபிஐயில ஸ்கேன் பண்ணா 2400க்கு 3600 புள்ளி வரும், ரெண்டு மடங்கு பெருசா பிரிண்ட் போடவும் அது போதும். பாஸ்போர்ட் சைஸ் படமா இருந்தா 1200 வைங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா படமா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லேன்னா சுருக்கிடும்.

அசல்தான் வேணும்னா, பசைக்குப் பதிலா போட்டோ கார்னர் போடுங்க. நாலு மூலையை மட்டும் பிடிக்கிற முக்கோணக் காகிதம், பழைய கறுப்புத் தாள் ஆல்பத்துல பார்த்திருப்பீங்க. ஃபெவிகால், செல்லோடேப் ரெண்டும் வேண்டாம். தாள் அமிலம் இல்லாத வகையா இருந்தா மஞ்சளாகாது. ஸ்டேஷனரிக் கடையில 'ஆசிட் ஃப்ரீ'ன்னு கேட்டா புரியும்.

1980கள், 90கள்ல வந்த ஒட்டுற ஆல்பம், அதாவது பசை தடவின அட்டை மேல பிளாஸ்டிக் ஷீட் மூடியிருக்குமே, அதுல இருக்கிற படத்தைக் கூடிய சீக்கிரம் வெளிய எடுங்க. அந்தப் பசையும் பிளாஸ்டிக்கும் படத்தைக் கெடுக்கும். இழுக்காதீங்க. பல் இடுக்குல விடற டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில விட்டு, மெதுவா ரம்பம் மாதிரி நகர்த்துங்க. வரலேன்னா விட்டுடுங்க, பக்கத்தோட சேர்த்தே ஸ்கேன் பண்ணுங்க. பிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போன சாமி அறைப் படத்துக்கும் இதே விதி, கண்ணாடியோடவே நகல் எடுங்க.

கலர் படங்களுக்கு முன்னுரிமை கொடுங்க. கறுப்பு வெள்ளைப் படத்துல இருக்கிறது வெள்ளி, நல்லா கழுவின பிரிண்ட் நூறு வருஷம்கூடத் தாங்கும். பழைய கலர் படத்துல இருக்கிறது சாயம், அது இருட்டுலகூட வெளுக்கும். எழுபதுகள்ல எடுத்த கல்யாணப் படம் எல்லாம் செம்மண் நிறமா மாறியிருக்கே, அதுக்குக் காரணம் இதுதான்.

படத்துக்குக் கீழ எழுதறப்ப, "அத்தையும் மாமாவும்"னு எழுதாதீங்க. யாருக்கு அத்தை? இன்னும் முப்பது வருஷம் கழிச்சுப் பார்க்கிறவருக்குப் புரியாது. முழுப் பேர், யாரோட மகள், இடம், கிட்டத்தட்ட வருஷம். உறுதியா தெரியாததுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி. யார் சொன்னாங்கன்னும் குறிச்சிடுங்க.

இந்த வாரக் கடைசிக்கு

ஆல்பம் வாங்காதீங்க, ஸ்கேனர் வாங்காதீங்க. ஊருக்குப் போக முடிஞ்சா போங்க, முடியலேன்னா வீடியோ கால் பண்ணுங்க. பெட்டியில இருந்து பத்தே பத்து படம் எடுங்க. எண் போடுங்க, ரெண்டு பக்கமும் போன்ல எடுங்க, ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிட்டு வீட்டுல ரொம்ப வயசானவங்ககிட்ட காட்டி, "இதுல யார் இல்ல?"ன்னு கேளுங்க. தேர்வு பண்றதையும் ஒட்டறதையும் அடுத்த வருஷம்கூடப் பண்ணிக்கலாம், இதுக்கு மட்டும் அவ்வளவு நேரம் இல்ல.